உப்புக்காற்றில் ஓடும் பழைய கார்: பழுதை வீட்டிலேயே கண்டறிந்து சரிசெய்யும் முறை

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை நீளும் இந்த இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள், பழுது என்றதும் முதலில் பார்க்க வேண்டியவை மின் இணைப்புகள். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரோ, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ, தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலோ கெட்டுப்போவதற்கு நெடுநாள் முன்பாகவே, அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரின் முனையிலும், அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் எர்த் இணைப்பிலும் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலிலிருந்தும், வாடை அடிக்கும் மாதங்களில் வடகடலிலிருந்தும் உப்பு ஈரம் ஏறிவருவதால், மண்டபம், பாம்பன் பக்கத்து வண்டிகளுக்கு ஆண்டில் ஓய்வான பருவம் என்று ஒன்று இல்லை. காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராயும் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதிலிருந்தே இந்தக் காற்றின் கடுமையை அறியலாம்.

இங்கே சொல்லப்படும் முறைகள் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800, ஆம்னி போன்ற பெட்ரோல் வண்டிகளுக்கானவை. அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் கழற்றவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். பழைய வண்டிகளின் உதிரிப்பாகம் தேடி மதுரை வரை போக வேண்டியிருக்கும் நிலையில், நல்ல பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு அதைவிட மட்டமான புதுப்பொருளைப் பொருத்துவதுதான் மிகப் பெரிய நட்டம்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்), கம்பி பிரஷ், உப்புத்தாள், வாசலின், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள் ஆகியவை போதும். இவற்றில் மல்டிமீட்டருக்கு அடுத்தபடியாக ஜாக்கி ஸ்டாண்டைத்தான் முக்கியமாகக் கருத வேண்டும். நம் பகுதி வீட்டு முற்றங்கள் பெரும்பாலும் மணல் தரையாக இருப்பதால், ஜாக்கியின் அடிப்பாகம் மெல்ல மெல்லப் புதைந்து வண்டி ஒருபக்கம் சரியும். ஆகவே ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான, தடித்த பலகை போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் செல்ல வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஒருபோதும் தாங்கலாக வைக்கக் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

செல்ஃப் எடுக்காத வண்டி

இந்தப் பகுதியில் மிக அதிகமாகக் கேட்கும் குறை இதுவே; மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுவே. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டும் வருகிறது, அல்லது இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. உடனே பேட்டரி மாற்றப்படுகிறது. ஒரு மாதம் ஓடுகிறது. மீண்டும் அதே ஓசை. பிறகு செல்ஃப் மோட்டார் பட்டறைக்குப் போகிறது.

முதலில் பேட்டரியை அளக்கவும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையில் 12.6 வோல்ட் இருந்தால் அது முழுமையாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்வதில் பொருள் இல்லை. அடுத்து, காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். இன்ஜினைச் சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கிறது. வோல்ட் நன்றாக நின்று, இன்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றினால், வழியில் எங்கோ தடை இருக்கிறது. அந்தத் தடையைக் கண்டுபிடிக்கும் முறைதான் இந்த வேலை முழுவதிலும் கற்றுக்கொள்ளத் தக்க ஒன்று.

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கொம்பின் மேலேயே வைக்கவும். அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது, ஏனெனில் கொம்புக்கும் கிளாம்புக்கும் இடையில் இருக்கும் வெண்பொடியையும் சேர்த்தே நாம் சோதிக்கிறோம். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லவும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அத்தனையும் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகிறது என்று பொருள். இதேபோல் பேட்டரியின் பாசிட்டிவ் கொம்புக்கும் செல்ஃப் மோட்டாரில் தடித்த கேபிள் சேரும் போல்ட்டுக்கும் இடையிலும் அளக்கவும், அங்கே 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன், நன்றாக எரிகிறது, ஆகவே வயர் சரி என்று பலர் சொல்வது ஏன் போதாது என்பதையும் இங்கே விளக்க வேண்டும். சிறிய காரின் செல்ஃப் மோட்டார்கூட 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை மட்டுமே இருந்தாலும், அந்த 100 ஆம்பியர் பாயும்போது அங்கே ஒரு முழு வோல்ட் விழுந்துவிடும். டெஸ்ட் லைட் இழுப்பதோ அரை ஆம்பியருக்கும் குறைவு. அதற்கு அந்தத் தடை தெரியவே தெரியாது. மீட்டரின் ஓம் அளவும் அவ்வளவு சிறிய தடையை நம்பும்படி காட்டாது. ஆகவே வேலை நடக்கும்போது, அந்தந்த இணைப்பின் இருபுறமும் அளப்பதுதான் வழி. பேட்டரி கொம்பிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிளின் மறுமுனை லக்குக்கு (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்), லக்கிலிருந்து அது முடுக்கப்பட்ட போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து பாடிக்கு என்று ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால், எந்த இடத்தில் வோல்ட் எகிறுகிறதோ அந்த இடமே பழுது.

எல்லா இடத்திலும் அளவு சரியாக இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், சாவியைத் திருப்பும்போது சொலினாய்டுக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) வரும் மெல்லிய வயரில் 12 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பார்க்கவும். வராவிட்டால் பழுது சாவி சுவிட்சிலோ அதன் வயரிலோ இருக்கிறது. வந்தும் சுற்றாவிட்டால், அப்போது தாராளமாக மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ்ஷையும் புஷ்ஷையும் பார்க்கலாம்.

எர்த்தைச் சரிசெய்தல்

கோளாறு எர்த்தில்தான் என்று தெரிந்தால், போல்ட்டை மேலும் இறுக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டும் வழக்கத்தைக் கைவிடாமல், எர்த் போல்ட்டை முழுவதுமாகக் கழற்றவும். லக்கின் இரு பக்கத்தையும், பாடியில் அது அமரும் இடத்தையும் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் மின்னும் வரை தேய்க்கவும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கியபின், இணைப்பு முழுவதையும் மூடும்படி வாசலின் பூசவும். பேட்டரி கொம்பில் படிந்த வெண்பொடியை ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். அந்த நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயரின் உள்ளே நடப்பது இதைவிடக் கேடானது. முனை வெட்டப்பட்ட இடத்தின் வழியாக உப்பு ஈரம் உறைக்குள் ஏறி, செம்புக் கம்பியை விரற்கடைக் கணக்கில் கறுக்கச் செய்துவிடும். வெளியே உறை புதிதுபோல் இருக்கும். முனையருகே உறையைச் சீவிப் பார்த்து, கம்பி கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, புது லக்கை அழுத்திப் பொருத்தி, அதன்மேல் சூட்டில் சுருங்கும் டியூபைப் போட வேண்டும். கறுப்பு நெடுந்தூரம் போயிருந்தால் வயர் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கொண்ட வயர் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்கவும். கடற்படகுகளில் அதைப் பயன்படுத்துவது இந்தக் காரணத்தால்தான்.

எர்த் கெட்டிருப்பதை மீட்டர் இல்லாமலும் சில அறிகுறிகள் சொல்லும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது, ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் நகர்வது, செல்ஃப் அடித்தபின் ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாக இருப்பது ஆகியவை அனைத்தும், தன் வழி அடைபட்ட மின்சாரம் வேறு வழியாகத் திரும்புவதன் அடையாளம். கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த மெல்லிய கேபிள் பழுக்கக் காய்ந்து தன் உறையோடு உருகி ஒட்டிக்கொண்டால், ஓடும் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் திரும்பாது. பின்விளக்குகளுக்கு எர்த் எடுக்கும் தகட்டையும், ஹாரன், ஹெட்லைட் எர்த்தையும் ஒரே நாளில் கழற்றித் துடைத்துவிடுவது நல்லது. ஒரு முற்பகல் வேலைதான்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதற்கு முன் பெல்ட்டின் இறுக்கத்தையும், மேலே சொன்ன அதே முறையில் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலான வோல்ட்டையும் பார்க்கவும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது.

இரவில் நின்ற வண்டியில் பேட்டரி தானாக இறங்குகிறதென்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இடையே கோத்துப் பார்க்கவும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி எதில் குறைகிறதென்று காணலாம். மீட்டர் கோத்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கடற்கரை வீடுகளில் இன்னொரு திருட்டு வழியும் உண்டு. பேட்டரியின் மேல்மூடியில் உப்பும் தூசியும் ஈரமும் படிந்து ஒரு கொம்பிலிருந்து மற்றதற்கு மெல்லிய பாதையாகிவிடும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவிலும் மறுமுனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேலும் வைத்து நகர்த்தினால் வோல்ட் காட்டுவதைக் காணலாம். துடைத்துக் காயவைத்தால் தீர்ந்துவிடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால், தீப்பொறி இல்லை அல்லது பெட்ரோல் இல்லை. எது என்று முதலில் முடிவுசெய்யாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் நோண்டத் தொடங்கினால், பிறகு எதனால் சரியானது என்றும் தெரியாது.

ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மாட்டி, உலோக உடல் இன்ஜினைத் தொடும்படி உறைபோட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லவும். பெட்ரோல் கசிவோ வாடையோ இருக்கும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது. நீலநிறத்தில் சடசடவென்று பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக இருந்தாலோ வராவிட்டாலோ, காயிலின் மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்கவும். கார்த்திகை, மார்கழி விடியலில் மட்டும் அடம்பிடித்து, வெயில் ஏறியதும் தானாகப் பிடிக்கும் வண்டிகளில் இந்த மூடியின் உட்புறத்தில் ஈரம் பூத்திருப்பதைக் காணலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைக்கு ஓடும். ஆனால் உட்சுவரில் பென்சிலால் கீறியதுபோல் கறுப்புக் கோடு ஓடியிருந்தால், அது மின்பொறி தனக்குப் போட்டுக்கொண்ட பாதை. மூடியை மாற்றியே ஆக வேண்டும். பிளக் வயர்களின் கசிவை அறிய, இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவும். வயரின் மேல் நீலப்பொறி ஊர்ந்தால் அந்த வயர் போய்விட்டது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி எழுப்பும் தொடுமுனைகள்) வைத்த வண்டிகளில் பாயிண்ட் முகத்தில் வெண்மையாகவோ கறுப்பாகவோ படிந்திருப்பதை மெல்லிய உப்புத்தாளால் எடுத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்க்க வேண்டும். அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினுக்கு அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக் வயர்களை மாற்றி மாட்டிவிடாமல் இருக்க, எரியும் வரிசை அம்பாசிடருக்கு 1-3-4-2 என்றும், மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு 1-3-2 என்றும் நினைவில் கொள்ளவும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதைக் கணக்கில் கொள்ளாமல் பழைய வண்டியைப் பராமரிக்க முடியாது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை ஈர்க்கும். நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி டாங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். ஃபில்டருக்கு முன்னுள்ள குழாயிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், அடியில் தனி அடுக்கு தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் டாங்க்கைக் காலிசெய்து, ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைத் திறந்து, பெட்ரோல் பாயும் நுண்துளைகள் கொண்ட ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவும். ஜெட் துளைக்குள் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் கணக்கு என்றைக்கும் சரியாகாது. பழைய ரப்பர் ஹோஸ்களை விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால், எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி அனைத்தையும் மாற்றிவிடவும். இன்ஜின் சூட்டுக்கு மேலே கசியும் ஒரு சொட்டு பெட்ரோலுக்கும் மன்னிப்புக் கிடையாது. நெடுநாள் நிற்கப்போகும் வண்டியின் டாங்க்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம்.

ரேடியேட்டரும் நம் ஊர்த் தண்ணீரும்

இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் கிணற்று நீரும் போர்வெல் நீரும் உவர்ப்பு. அந்த நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது, வெளியிலிருந்து வரும் உப்பு போதாதென்று உள்ளேயும் நாமே கொண்டுசேர்ப்பதாகும். மாருதியின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் நீர்ப்பாதையைச் சுற்றிக் குழிகுழியாக அரித்துவிடும். பிறகு ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் கசிவு நிற்காது. குடத்தில் வரும் குடிநீரும் இதற்குப் போதுமான தூய்மை உடையதன்று. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்ட்டையும் சமபங்கில் கலந்து ஊற்றவும்.

சூடேறும் வண்டியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மின்விசிறி ஓடாவிட்டால், ரேடியேட்டரிலோ இன்ஜினிலோ இருக்கும் வெப்ப சுவிட்சின் வயரை உருவி, இரண்டு வயர் இருந்தால் ஒன்றோடொன்றும், ஒற்றை வயர் என்றால் எர்த்தோடும் தொடவைக்கவும். விசிறி சுற்றினால் பழுது சுவிட்சில். சுற்றாவிட்டால் ஃபியூஸ், விசிறியின் எர்த், மோட்டார் என்ற வரிசையில் பார்க்கவும். நீரில் தொடர்ந்து குமிழி வருவதும், ஆயில் பாலாடைபோல் வெளுத்திருப்பதும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதன் அடையாளங்கள். அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

பிரேக்கும் அடிப்பாகமும்

பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கிவிடக்கூடும். ஈரம் சிலிண்டர்களையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இந்தக் கடற்கரையில் கட்டாயம். வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ ஒரு சக்கரம் மட்டும் கைவைக்க முடியாதபடி சூடானாலோ, அந்தச் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் பிஸ்டன் அல்லது அதைத் தாங்கும் கேலிப்பரின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டபடி பல நாள் நிறுத்திய வண்டியில் பின் டிரம்மே பிடித்துக்கொள்ளும்; ஆகவே நீண்ட நாள் நிறுத்தும்போது கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது போதும்.

எல்லாவற்றிலும் உயிரோடு தொடர்புடையது இரும்பாலான பிரேக் குழாய். அடிப்பாகத்தில் கிளிப் பிடித்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் கிளிப்பை விலக்கிப் பார்க்கவும், ஏனெனில் துரு அந்த மறைவில்தான் முதலில் தின்கிறது. மேற்பரப்பு மட்டும் பழுப்பேறியிருந்தால் துடைத்து கிரீஸ் பூசலாம். குழியோ செதிலோ தெரிந்தால் குழாயை மாற்றும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. நடுவில் வெட்டி ரப்பர் ஹோஸ் போட்டு ஒட்டவைப்பது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

பாடியின் துருவை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் ஓசையிலேயே அறியலாம். நல்ல தகடு கணீரென்கும், தின்னப்பட்ட தகடு மொத்தென்கும். கதவுக்கு அடியிலுள்ள சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் கைகள் சேரும் இடம், பேட்டரி தட்டு ஆகியவற்றை விடாமல் தட்டவும். மீன்பெட்டி ஏற்றும் ஆம்னிகளில் ஐஸ் உருகிய உப்புநீர் விரிப்புக்கு அடியில் தங்குவதால், தளம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். விரிப்பை எடுத்துப் பார்க்காமல் கீழிருந்து மட்டும் பார்த்தால் தெரியாது. கதவுகளின் கீழ் விளிம்பிலுள்ள வடிகால் துளைகளை மணல் அடைத்திருந்தால் குச்சியால் திறந்துவிடவும். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தை உப்பில்லாத நீரால் கழுவ வேண்டும். உவர்நீரால் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல்.

சஸ்பென்ஷன் சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை தகட்டுக்குள் இறங்கினால், அது வீட்டில் பூசி மெழுகும் வேலையன்று. அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரிடம் வண்டியை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பவும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இரு கேபிள்களையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றச் சொல்லவும், வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் தகட்டின் அருகிலேயே பிடிக்கச் சொல்லவும், முடிந்தபின் சட்டத்தின் உட்பக்கத்தில் துருத்தடுப்பு மெழுகு அடிக்காமல் வண்டியைத் திரும்ப எடுக்க வேண்டாம்.